மூன்றாம் மாடியில் குழாய் கட்டினால் யாழ்ப்பாணக் காற்று சுத்தமாகிவிடுமா?

ஸ்டான்லிவீதி:
நல்லூர்மாஸ்டர் நேற்று வேறொரு திரியில் எழுதியதை இங்கே அப்படியே போடுகிறேன். வாசித்த நேரம் தொடக்கம் எனக்கு விசர்தான்.

"யாழ்ப்பாண நகரத்துக்குக் கந்தகவீரொட்சைட்டு (எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்து வரும் வாயு) அளக்கும் கருவி வேண்டும் என்பது வீண் கூச்சல். என் வீட்டு மூன்றாம் மாடியில் வாயுவைப் பிடிக்கும் பரவல் குழாய் கட்டி, இரண்டு கிழமை விட்டு, தெரிந்த ஆய்வுகூடம் ஒன்றில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இலங்கைத் தரத்துக்குக் கிட்டவும் இல்லை. நகரத்தில் கந்தகப் பிரச்சினை இல்லை. விஷயம் முடிந்தது."

ஒரு வீடு, ஒரு குழாய், விஷயம் முடிந்ததாம். என் மகளுக்கு முட்டு (ஆஸ்துமா). பஸ் நிலையத்தடியில் இறங்கி ரியூசனுக்கு நடக்கிற பிள்ளை. டீசல் பஸ் ஒன்று ஸ்ரார்ட்டில் நின்று கரும்புகை தள்ளும்போது, ஒரு கையில் பம்பும் மற்றக் கையால் மூக்கைப் பொத்தியபடியும் அவள் கடந்து போவதை மாஸ்டர் வந்து பார்க்கட்டும். மூன்றாம் மாடியில் நின்று பார்த்தால் அது தெரியாது.

நல்லூர்மாஸ்டர்:
என்னை வைத்துத் திரி திறந்ததற்கு நன்றி. ஆத்திரத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 2008 வர்த்தமானியில் உள்ள இலங்கைத் தரம், ஒரு கனமீற்றர் காற்றில் 24 மணித்தியாலச் சராசரி 80 மைக்ரோகிராம். என் குழாய் அதில் அரைவாசிக்கும் வரவில்லை. நல்ல செய்தி சொன்னவனுக்கு அடி விழுகிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். பிள்ளைக்கு முட்டு என்றால் நுளம்புத்திரி, வீட்டுத் தூசு, தலையணைப் பஞ்சு, இவற்றை முதலில் பாருங்கள். அரை ஆயுள் இரசாயனவியல் படிப்பித்தவன் சொல்கிறேன்.

கச்சான்காற்று:
படிப்பித்தது சரி மாஸ்டர். மூன்றாம் மாடியில் ஏன் கட்டினீர்கள்?

நல்லூர்மாஸ்டர்:
கீழே கட்டினால் பொடியள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு மேலே நல்ல காற்றோட்டம்.

கச்சான்காற்று:
நல்ல காற்றோட்டத்தில் கட்டிவிட்டு, காற்று நல்லது என்கிறீர்கள். அருமை.

நான் வளைகுடாவில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இந்தக் கருவிகளோடுதான் காலம் தள்ளினேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பரவல் குழாய் என்பது விரல் நீளப் பிளாஸ்ரிக் குழாய். ஒரு பக்கம் மூடி, மூடிக்குள் இரசாயனம் ஊறிய வலை. வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் வாயு தானாக மேலே போய் ஒட்டும். பிறகு ஆய்வுகூடத்தில் கழுவி, சல்பேற்று எவ்வளவு என்று பார்த்து, தொங்கிய நாட்களால் பிரித்துச் சராசரி எடுப்பார்கள். மலிவு, மின்சாரம் வேண்டாம், நல்ல சாமான்தான். ஆனால் அது சொல்வது இரண்டு கிழமைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். என்றைக்குக் கூடியது, எத்தனை மணிக்குக் கூடியது என்று கேட்டால் அதுக்கு வாய் இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளில் 10 நிமிடம் மட்டும் 500 மைக்ரோகிராம், மிச்ச நேரம் எல்லாம் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலச் சராசரி எவ்வளவு வரும்? 8.4. இலங்கைத் தரத்தின் பத்திலொன்று. ஆனால் அந்த 500 என்பது 10 நிமிடத்துக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட உச்சவரம்பு. முட்டுக்காரர் ஓடியாடும்போது இந்த வாயு கூடுதலாகப் பட்டால் 5, 10 நிமிடத்துக்குள் சுவாசக்குழாய் இறுகும். ஸ்டான்லிவீதியின் பிள்ளை பஸ்சைக் கடக்கிற நேரம் அவ்வளவுதான். மாஸ்டரின் குழாயில் அந்தப் பத்து நிமிடம் கரைந்து போய்விடும். அதையும் மூன்றாம் மாடியில் கட்டியிருக்கிறார்.

நல்லூர்மாஸ்டர்:
கணக்கெல்லாம் கற்பனை. 500 வந்தது என்று யார் அளந்தது? இனி மாடிக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி காற்று எடுக்கும் வாய் நிலத்தில் இருந்து 2 மீற்றருக்கும் 15 மீற்றருக்கும் இடையில் இருந்தால் போதும். என் மாடி 15ஐத் தாண்டாது. வாசித்துவிட்டு வாருங்கள்.

கச்சான்காற்று:
"யார் அளந்தது?" அதைத்தானே நாங்களும் கேட்கிறோம்! அளக்கவில்லை என்பதுதானே பிரச்சினை!

விதியை நானும் வாசித்தேன் மாஸ்டர், நீங்கள் நிறுத்திய வரியோடு நிறுத்தாமல். அதே அமெரிக்க விதி, தாங்கி நிற்கும் சுவரில் இருந்து குறைந்தது 1 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது. போன மாதம் நீங்கள் பெருமையாகப் போட்ட படத்தில் குழாய் சுவரோடு ஒட்டி, தண்ணீர்த் தாங்கியின் கீழ் நிற்கிறது. பக்கத்தில் சாரம் வேறு காய்கிறது. ஐரோப்பியர் பொதுவாக 1.5 மீற்றரில் இருந்து 4 மீற்றர் என்கிறார்கள். அவர்களுக்கு மூச்சு எங்கே போகிறது என்று தெரியும்போல.

நல்லூர்மாஸ்டர்:
சாரத்துக்கும் கந்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? தனிப்பட்ட தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

பண்ணைப்பாலம்:
இவ்வளவு கஷ்டம் ஏன்? பண்ணைப் பாலத்தால் பின்னேரம் போய்ப் பாருங்கள். அழுகின முட்டை மணம் அடிக்கும். அது சல்பர்தானே. மூக்கு இருக்கும்போது மெஷின் எதற்கு?

கச்சான்காற்று:
அது ஐதரசன் சல்பைட்டு, தம்பி. கடல்நீரேரிச் சேற்றில் காற்றில்லாமல் அழுகும்போது வருவது. வேறு வாயு, வேறு தரம், வேறு கருவி. அழுகின முட்டை மணம் மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் அடிக்கும். நாங்கள் கதைக்கிறது தீக்குச்சி உரசினால் மூக்கைக் குத்துகிற சாமான். அது மணக்கத் தொடங்கும்போதே பெரும்பாலும் மணித்தியாலத் தரத்தைப் பல மடங்கு தாண்டியிருக்கும். மூக்கை நம்பினால் பிந்திவிட்டோம்.

பண்ணைப்பாலம்:
எனக்கு மணம் மணம்தான். கந்தகம் கந்தகம்தான்.

சுன்னாகத்துக்கிணறு:
நல்லூர்மாஸ்டரின் பெயரைப் பார்த்ததும் வந்தேன். 2015இல் இதே இடத்தில் இதே மனிதர், "சுன்னாகத்துக் கிணறுகளில் மிதப்பது எண்ணெய் இல்லை, இரும்புப் படலம்" என்று எழுதினார். எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் வாளியின் விளிம்பில் கறுப்பு வளையம் பிடிக்கும். அதைப் படம் எடுத்துப் போட்டபோது "வாளியை விம் போட்டுக் கழுவுங்கள்" என்றார். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, கிணறுகளைக் கெடுத்த மின்உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபாய் கட்டு என்றது. அதற்குப் பிறகு இவர் ஒரு வரி எழுதினாரா? இல்லை. இப்போது காற்றுக்கு வந்திருக்கிறார்.

நல்லூர்மாஸ்டர்:
நான் சொன்னது எல்லாக் கிணற்றிலும் எண்ணெய் இல்லை என்று. அது இன்றைக்கும் சரி. திரி காற்றைப் பற்றியது.

சுன்னாகத்துக்கிணறு:
"எல்லா" என்ற சொல் அன்றைக்கு இருக்கவில்லை. திரையைப் பிடித்து வைத்திருக்கிறேன். போடவா?

கச்சான்காற்று:
போடுங்கள், ஆனால் பிறகு. சுன்னாகம் என்றதும் மாஸ்டர் மறந்துபோன ஒன்றைச் சொல்லவேண்டும். நல்லூரில் இருந்து பார்த்தால் சுன்னாகம் வடக்கே. அங்கே 24 மெகாவாற் மின்நிலையம் கன எண்ணெயில் ஓடுவதற்குக் கட்டியது. ஒரு தொன் கன எண்ணெயில் 2 வீதம் கந்தகம் என்று வைத்தால் 20 கிலோ கந்தகம். எரிந்தால் அது இரட்டிப்பாகும், 32இன் பக்கத்தில் ஒட்சிசன் இன்னொரு 32 வந்து 64 ஆகிறது, இதை மாஸ்டரே கரும்பலகையில் எழுதியிருப்பார். ஆக ஒரு தொன்னுக்கு 40 கிலோ வாயு. யூரோ 5 தர டீசல் என்றால் கந்தகம் 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு), ஒரு தொன் எரித்தால் 20 கிராம் வாயு. இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம்.

இனி மாஸ்டருக்குக் கேள்வி. குழாய் எந்த மாதம் தொங்கியது?

நல்லூர்மாஸ்டர்:
ஆடி.

கச்சான்காற்று:
ஆடியில் சோளகம். காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும். சுன்னாகத்தில் ஏதாவது புகைந்தால் அது புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலிப் பக்கம் போகும். நல்லூருக்கு வராது. நீங்கள் கடற்காற்றைப் பிடித்து மூன்றாம் மாடியில் வைத்து, "யாழ்ப்பாணம் சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். வாடை, அதுதான் வடகிழக்குக் காற்று, விழுந்த பிறகு கட்டுங்கள், பார்க்கலாம்.

நல்லூர்மாஸ்டர்:
வாடைக்கு மழை. கார்த்திகை, மார்கழியில் இந்த வாயு மழையில் கரைந்து போய்விடும். நீரில் நன்றாகக் கரையும் வாயு என்பது ஓ/எல் பிள்ளைக்கும் தெரியும்.

கச்சான்காற்று:
தை மாதத்தில் மழை எங்கே? விடியப்புறம் பனி மூடிக் காற்று அசையாமல் நிற்கும். புகை மேலே போகாமல் வீட்டுக் கூரை மட்டத்திலேயே படியும். அந்த நேரம்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தரையில், மாஸ்டர். மூன்றாம் மாடியில் பள்ளிக்கூட வான் நிற்பதில்லை.

நேர்ஸக்கா:
தை மாசி விடியற்காலையில் நெபுலைசருக்குப் பிள்ளைகள் வரிசையில் இருப்பார்கள், அது எனக்குத் தெரியும். கந்தகமா, பனியா, குப்பை எரித்த புகையா என்று எங்களுக்குச் சொல்ல வழியில்லை. அன்றன்றைய காற்றின் மணித்தியாலக் கணக்கு ஒன்று கையில் இருந்தால், வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்போது எங்களிடம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

நல்லூர்மாஸ்டர்:
பனிதான் தங்கச்சி. தலைக்குத் தொப்பி போட்டால் பாதி குறையும்.

ஸ்டான்லிவீதி:
தொப்பியா!!!

ஸ்காபரோராசன்:
வணக்கம் உறவுகளே. ஏன் சண்டை? என் போனில் உள்ள செயலியில் யாழ்ப்பாணம் என்று போட்டால் கந்தகமும் காட்டுகிறது. பச்சை நிறம். இங்கே வட அமெரிக்காவில் 75 தான் எல்லை. அதுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. இலங்கைக்காரர் 80 என்று கூட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் பிழை. தேவை என்றால் ஒரு சென்சர் வாங்கி அனுப்புகிறேன்.

கச்சான்காற்று:
ராசன் அண்ணை, உங்கள் 75 வேறு, எங்கள் 80 வேறு. 75 என்பது பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவு), அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு, அமெரிக்கர் 2010இல் கொண்டுவந்தது. 25 பாகையில் இந்த வாயுவின் ஒரு பிபிபி 2.62 மைக்ரோகிராம். 75ஐப் பெருக்கினால் 196 வரும். இலங்கையின் ஒரு மணித்தியாலத் தரம் 200 மைக்ரோகிராம். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 80 என்பது முழு நாளுக்கு. அமெரிக்கர் அந்த முழுநாள் தரத்தை 2010இலேயே எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மாறியது ஏன் என்று யோசித்தீர்களா? குறுகிய நேரத்தில் வந்து அடித்துவிட்டுப் போகிற வாயு என்றபடியால்தான். மாஸ்டரின் இரண்டு கிழமைக் குழாய் இதற்குத் தலைகீழ்.

அப்படியான செயலிகளில் பலவற்றில் வருவது அளந்த எண் இல்லை. கணினி மாதிரியின் கணிப்பு. உலக அளவு மாதிரிகளில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீற்றர் வரும். நல்லூர், சுன்னாகம், பருத்தித்துறை, நடுக்கடல் மீன் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் ஒரே பச்சை. சென்சர் அனுப்புவதென்றால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வாங்குகிறவை பெரும்பாலும் லேசர் ஒளியில் தூசுத் துணிக்கை எண்ணுபவை, வாயு தெரியாது. மலிவான வாயு செல் பூட்டியது என்றால் எங்கள் ஊர் ஈரப்பதத்துக்கும் வெயிலுக்கும் எண் தானாக ஏறி இறங்கும்.

ஸ்காபரோராசன்:
உதவி செய்ய வந்தவனுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். ஊருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் குற்றம், செய்தாலும் குற்றம். இங்கே குளிருக்குள் இரண்டு வேலை செய்துவிட்டு வந்து எழுதுகிறோம்.

சுன்னாகத்துக்கிணறு:
குளிர்க் கதை வேண்டாம் அண்ணை. கிணற்றுக்கு வடிகட்டி அனுப்புகிறேன் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். இன்னும் விமானத்தில் வருகிறதுபோல.

ஸ்காபரோராசன்:
அது சுங்கத்தில் நின்றது. தனிமடலில் விளக்கம் தந்தேன். பொதுவில் மானத்தை வாங்காதீர்கள்.

மட்டுறுத்துநர்:
வடிகட்டிக் கணக்கைத் தனிமடலில் வைத்துக்கொள்ளவும். திரி காற்றில் கந்தகம் பற்றியது.

நல்லூர்மாஸ்டர்:
நன்றி. காற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் காற்று கெட்டது என்றால் அது இந்தியாவில் இருந்து வருவது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வானம் சாம்பல் நிறமாகி, நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினார்களே, அதை நாங்களா புகைத்தோம்? மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் எல்லை கடந்த மாசு என்றுதான் சொன்னார்கள். இங்கே பெட்டி வைத்து அளந்து, டெல்லிக்குக் கடிதம் போடப் போகிறீர்களா?

கச்சான்காற்று:
அந்த மார்கழியில் வந்தது பிஎம் 2.5, அதாவது மிக நுண்ணிய தூசுத் துணிக்கை. வாயு அல்ல. இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் கந்தகவீரொட்சைட்டைக் கொட்டுவது உண்மை. அங்கே 2015 மார்கழியிலேயே புகையில் இருந்து கந்தகத்தைக் கழுவும் கருவி பூட்டவேண்டும் என்று தரம் போட்டு, பிறகு காலக்கெடுவைத் தள்ளித் தள்ளியே வந்தார்கள். ஆனால் வாயுவாக அது காற்றில் ஒரு நாள், இரண்டு நாள்தான் நிற்கும். தூரத்து நிலையங்களில் இருந்து இங்கே வருவதற்குள் பெரும்பகுதி சல்பேற்றுத் துணிக்கையாக மாறிவிடும். அதைப் பரவல் குழாய் ஒழுங்காகப் பிடிக்காது, தாளில் வடித்து எடுக்கவேண்டும். அப்போதும் எங்களுக்கு ஒரு தலையிடி: கடலுப்பிலும் சல்பேற்று இருக்கிறது. சோடியம் எவ்வளவு என்று பார்த்து, அதில் 0.25 பங்கைக் கடல் கணக்கில் கழிக்கவேண்டும். சுற்றிவரக் கடல் உள்ள ஊரில் இதைச் செய்யாமல் யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஆய்வுகூடம் கழித்ததா மாஸ்டர்?

நல்லூர்மாஸ்டர்:
கழிக்காமல் விட்டால் எண் கூடத்தானே வரும்? கூடியும் தரத்துக்குக் கீழே என்றால் என் பக்கம் இன்னும் பலம்தான். உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

கச்சான்காற்று:
மூன்றாம் மாடி. ஆடி மாதம். தண்ணீர்த் தாங்கி. பலத்தைப் பார்த்தோம்.

நல்லூர்மாஸ்டர்:
திரும்பத் திரும்ப ஒரே பாட்டு. நான் கேட்கிறது ஒரே கேள்வி, இதுவரை பதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இந்த வாயுவுக்கு 24 மணித்தியாலத்துக்கு 20 என்று வைத்திருந்தது. 2021இல் அதை 40 ஆக்கியது. இரட்டிப்பாகத் தளர்த்தினார்கள்! அதே 2021இல் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரியை 10இல் இருந்து 5 ஆக இறுக்கினார்கள். எது ஆபத்து என்று உலகமே சொல்லிவிட்டது. காசு இருந்தால் துணிக்கையை அளக்கட்டும். கந்தகப் பெட்டி வாங்கி என்ன செய்வது? அதுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தரம் பார்க்கும் சிலிண்டர் கொழும்பில் இருந்து வரவேண்டும், மின்வெட்டு, மின்னல். முதல் நாள் ரிப்பன் வெட்டுவார்கள், மாலை போடுவார்கள், பத்திரிகையில் படம் வரும். அடுத்த வருடம் சிலந்தி குடியிருக்கும்.

கச்சான்காற்று:
40 ஆக்கினாலும் எங்கள் 80 அதன் இரண்டு மடங்கு. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். 10 நிமிடத்துக்கான 500ஐத் தளர்த்தவில்லை, அப்படியே வைத்திருக்கிறார்கள். அதையும் மறந்துவிட்டீர்கள்.

சிலந்திக் கதையை விடுங்கள், கருவி எப்படி இருக்கும் என்று தெரியுமா? உள்ளே ஒரு விளக்கு, 214 நானோமீற்றர் சுற்றுவட்டாரத்தில் புறஊதா ஒளி. வாயு மூலக்கூறு அதை விழுங்கி வேறு நிறத்தில் கக்கும், அதை எண்ணுவார்கள். பெற்றோல் ஆவியும் அதேபோல் மினுங்கிக் கருவியை ஏமாற்றும், அதனால் உள்ளே போகமுன் அதைத் தனியாக வடித்து எடுக்க ஒரு குழாய் உண்டு. வாசலில் பொத்தான் அளவைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டெஃப்லோன் வடி. நான் அதை இடுக்கியால் கழற்றும்போது சில நாளில் தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருக்கும். மாற்றாமல் விட்டால் வாயு அந்த அழுக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், எண் குறைந்து வரும், எல்லாரும் சந்தோசப்படுவார்கள். பராமரிப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் ஸ்கானருக்கும் பராமரிப்பு வேண்டும், அதுக்காக வேண்டாம் என்கிறோமா?

பிறகு, அளந்து என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஹொங்கொங்கில் 1990 யூலை 1ஆம் திகதி, மின்நிலையமும் வாகனமும் பாவிக்கிற எண்ணெயில் கந்தகம் 0.5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரே மூச்சில் சட்டம் கொண்டுவந்தார்கள். முன்னும் பின்னும் அளந்து வைத்திருந்தபடியால் வாயு குறைந்ததும் தெரிந்தது, அடுத்த வருடங்களில் சுவாச, இருதய நோய்ச் சாவு குறைந்ததும் தெரிந்தது. துணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை, கவனியுங்கள். அளக்காமல் விட்டிருந்தால் அங்கேயும் ஒரு மாஸ்டர் "தொப்பி போடுங்கள்" என்றிருப்பார்.

நல்லூர்மாஸ்டர்:
ஹொங்கொங், லண்டன். எப்ப பார்த்தாலும் வெளிநாடு. 1952 லண்டன் புகையையும் இழுத்து வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

கச்சான்காற்று:
கேட்டபடியால் இழுக்கிறேன். 1952 மார்கழி 5 தொடக்கம் 9 வரை. முதல் கணக்கில் செத்தது 4000 பேர். காற்றை ஐதரசன் பேரொட்சைட்டுப் போத்தலுக்குள் விட்டு நாளாந்தம் அமிலத்தை அளந்து வைத்திருந்தார்கள், 1952இலேயே. அதனால்தான் சாவுக் கோடும் வாயுக் கோடும் ஒன்றாக ஏறியது கண்ணுக்குத் தெரிந்து, 1956இல் சட்டம் வந்தது. எங்களிடம் போத்தலும் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு குழாய் இருந்தது, அதையும் ஆடிக்குப் பிறகு கழற்றியாயிற்று.

பண்ணைப்பாலம்:
யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அமில மழை பெய்தாலும் கல்லில் பட்டு நடுநிலை ஆகிவிடும் என்று எங்கள் சேர் சொன்னவர். அப்படி என்றால் இயற்கையே பாதுகாப்புத் தருகிறதுதானே?

கச்சான்காற்று:
எந்தச் சேர்? நல்லூரிலா இருக்கிறார்? கிணற்றுக்கும் மண்ணுக்கும் அது சரி. சுவாசப்பைக்குள் சுண்ணாம்புக்கல் இல்லை.

பண்ணைப்பாலம்:
கோட்டைச் சுவர் கரையும் என்கிறீர்களா?

கச்சான்காற்று:
நான் கோட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!

பண்ணைப்பாலம்:
கோட்டையைச் சொன்னால் மட்டும் எல்லாரும் ஒளிந்துவிடுவீர்கள்.

நல்லூர்மாஸ்டர்:
ஒன்று சொல்கிறேன். 90களில் பொருளாதாரத் தடை காலத்தில் இந்த ஊரில் மோட்டார்சைக்கிள், பழைய ஒஸ்ரின் கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். தெரு முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகையில் படித்துத்தான் டொக்டரும் எஞ்சினியரும் வந்தார்கள். எங்கள் சனம் அதைத் தாண்டி வந்த சனம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓடின காலத்தில் இருந்து நான் இங்கே மூச்சு விடுகிறேன். எனக்கு முட்டு இல்லை.

ஸ்டான்லிவீதி:
உங்களுக்கு முட்டு இல்லை என்பதுதான் ஆதாரமா? அந்தக் காலத்தில் முட்டில் செத்த பிள்ளைகள் இந்தத் திரியில் வந்து எழுதப் போவதில்லை மாஸ்டர்.

நல்லூர்மாஸ்டர்:
செத்தவர்களை இழுக்கவேண்டாம். அந்தக் காலத்தை அனுபவிக்காதவர்கள் கதைக்கவேண்டாம். கச்சான்காற்று அப்போது வளைகுடாவில் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தவர்.

கச்சான்காற்று:
95இல் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளத்தில் ஊரைவிட்டுப் போனவன் நான். எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, எழுதவும் வேண்டாம். காற்றைப் பற்றிக் கதையுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பஸ் நிலையத்தடியில் தலைமட்டத்தில் ஒன்று, சுன்னாகத்துக்குத் தெற்கே இணுவில், கோண்டாவில் பக்கம் ஒன்று, வாடை தொடங்கிப் பங்குனி வரை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எழுதுகிற கருவி. அவ்வளவு முடியாது என்றால் அதே குழாயை வீதிவீதியாகத் தொங்கவிட்டு எந்த இடம் கூட என்று முதலில் பார்த்து, கூடிய இடத்தில் கருவியை வைக்கலாம். குழாய்க்கு உண்மையான வேலை அதுதான். சுத்தம் என்று முத்திரை குத்த அது செய்யவில்லை. ஆனால் மாஸ்டரின் படத்தில் மட்டும்...

நல்லூர்மாஸ்டர்:
மூன்றாம் மாடி என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். 2 மீற்றரில் இருந்து 15 மீற்றர் வரை. இன்னும் எத்தனை தரம் எழுதவேண்டும்?

கச்சான்காற்று:
சுவரில் இருந்து 1 மீற்றர். இன்னும் எத்தனை தரம் எழுதவேண்டும்?

சுன்னாகத்துக்கிணறு:
2015 திரைப்பிடிப்பு கிடைத்துவிட்டது. "எல்லா" என்ற சொல் இல்லை. போட்டிருக்கிறேன், பாருங்கள். பதில் வேண்டும்.

நல்லூர்மாஸ்டர்:
திரைப்பிடிப்பை யாரும் திருத்தலாம்.

சுன்னாகத்துக்கிணறு:
நான் திருத்தினேன் என்கிறீர்களா? முகத்துக்கு நேரே சொல்வீர்களா? மருதனார்மடச் சந்தியில் ஞாயிற்றுக்கிழமை நிற்பேன்.

மட்டுறுத்துநர்:
சந்திக்கு அழைப்பது விதிமீறல். இரண்டு பேருக்கும் எச்சரிக்கை.

நல்லூர்மாஸ்டர்:
எனக்கு ஏன் எச்சரிக்கை? நான் யாரையும் சந்திக்குக் கூப்பிடவில்லை.

நேர்ஸக்கா:
பஸ் நிலையத்தடிக் கருவி என்று எழுதினீர்களே, அதைக் கேட்டு யாருக்காவது கடிதம் எழுதியிருக்கிறீர்களா? மாநகரசபைக்கா, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கா? எழுதினால் நானும் கையெழுத்து வைப்பேன்.

கச்சான்காற்று:
எழுதலாம் அக்கா. முதலில் மாஸ்டர் அந்தப் படத்தை முழுசாகப் போடட்டும், வெட்டாமல். தாங்கியும் தெரியவேண்டும்.

ஓ_எல்_2026:
வணக்கம், நான் புதிது. இரண்டு கேள்வி. மாஸ்க் போட்டால் இந்த வாயு நிற்குமா? அதோடு இந்தத் திரியில் கந்தகம் என்று சொல்வது வாயுவா, சல்பேற்றா, எண்ணெயில் உள்ளதா? பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன்.

கச்சான்காற்று:
சாதாரண மாஸ்க், என்95 எல்லாம் துணிக்கைக்கு. வாயுவுக்கு அதற்கென்று செய்த கரி வடி வேண்டும். இரண்டாவது கேள்விக்கு மேலே எல்லாம் எழுதிவிட்டேன், வாசியுங்கள்.

பண்ணைப்பாலம்:
கந்தகம் கந்தகம்தான் தம்பி.

நல்லூர்மாஸ்டர்:
பிள்ளை, இவர்களிடம் கேட்டுக் குறிப்பு எழுதாதே. தனிமடல் போடு, நான் சொல்லித் தருகிறேன். படத்தை நான் போடப் போவதில்லை, அது என் வீடு.

கச்சான்காற்று:
போன மாதம் போடும்போது அது யார் வீடு?